பட்டியலும் அளவுகோலும்: பதிப்புரிமைச் சட்டத்தில் நியாயக் கையாளுகையும் நியாயப் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

பிறர் படைப்பை உரிமையாளரின் இசைவின்றிப் பயன்படுத்தக்கூடிய எல்லையை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நியாயக் கையாளுகை என்னும் பெயராலும், அமெரிக்கச் சட்டம் நியாயப் பயன்பாடு என்னும் பெயராலும் வகுக்கின்றன. முன்னது மூடிய பட்டியல், பின்னது திறந்த அளவுகோல்; ஆதலால் இந்தியாவும் பின்னதற்கு மாறவேண்டும் என்னும் கருத்து சட்டத் திருத்த விவாதங்களில் அடிக்கடி எழுகிறது. வகுப்பறைக்கான படியெடுப்புப் பற்றிய இரு நாட்டுத் தீர்ப்புகளை ஒப்புநோக்கும் இக்கட்டுரை, கற்பித்தலைப் பொறுத்தவரை இந்தியப் பட்டியலே கூடுதல் பாதுகாப்பு அளித்துள்ளது என்பதையும், அதன் குறை ஆராய்ச்சி பற்றிய கூற்றில் உள்ளது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, நியாயக் கையாளுகை, நியாயப் பயன்பாடு, 52ஆம் பிரிவு, பாடத்தொகுப்பு, தரவகழ்வு, சட்டத் திருத்தம்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பாடல்களை ஆராயும் யூடியூப் காணொலிகள் பலவற்றின் கீழே ஒரு குறிப்பைக் காணலாம். 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி இப்பயன்பாடு அனுமதிக்கப்பட்டது என்பது அதன் சாரம். அந்தப் பிரிவு அமெரிக்க நாட்டுச் சட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டு, இந்தியப் படைப்பைப் பற்றி, இந்தியப் பார்வையாளருக்காக வெளியிடப்படும் காணொலியின் மீது இந்திய நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் அக்குறிப்பு எவ்வகையிலும் துணைநிற்காது. ஆய்வேடுகளிலும் கல்லூரிப் பாடத்தொகுப்புகளிலும் இடம்பெறும் 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்னும் தொடரும் ஏறத்தாழ இத்தகையதே. எந்தச் சட்டத்தின் எந்தக் கூறு தம்மைக் காக்கிறது என்பது எழுதியவருக்கே தெளிவாக இருப்பதில்லை.

இத்தெளிவின்மைக்குக் கலைச்சொல் குழப்பமும் ஒரு காரணம். தமிழில் 'காப்புரிமை' என்னும் சொல் புத்தாக்கத்திற்கான பேட்டன்ட்டையும் நூலுக்கான காப்பிரைட்டையும் ஒருசேரக் குறித்துவருகிறது. 'ஃபேர் யூஸ்', 'ஃபேர் டீலிங்' ஆகிய இரண்டும் 'நியாயமான பயன்பாடு' என்றே பெரும்பாலும் பெயர்க்கப்படுகின்றன. இக்கட்டுரையில் பதிப்புரிமை என்பது காப்பிரைட்டை மட்டும் குறிக்கும். ஃபேர் யூஸ் நியாயப் பயன்பாடு எனவும், ஃபேர் டீலிங் நியாயக் கையாளுகை எனவும் வேறுபடுத்தி வழங்கப்படும்.

ஒரு வேரிலிருந்து இரு கிளைகள்

இவ்விரு கோட்பாடுகளும் ஆங்கிலேய நீதிமன்ற மரபில் தோன்றியவை. 1710ஆம் ஆண்டின் ஆன் அரசியார் சட்டம் நூலாசிரியருக்கு அச்சிடும் உரிமையை வழங்கியபோது, அதற்கு விதிவிலக்கு எதனையும் விரிவாக வகுக்கவில்லை. ஒரு நூலைச் சுருக்கி வேறொருவர் வெளியிட்டால் அது மீறலாகுமா என்னும் வினா 1740இல் கைல்ஸ் - வில்காக்ஸ் வழக்கில் எழுந்தது. உண்மையான உழைப்பாலும் அறிவாலும் ஆக்கப்பட்ட நேர்மையான சுருக்கம் புதிய நூலே என ஹார்ட்விக் பிரபு கருதினார். 'நியாயம்' என்னும் அளவுகோல் இவ்வாறு நீதிபதிகளின் கைவழியே பதிப்புரிமைச் சட்டத்துக்குள் நுழைந்தது.

அமெரிக்காவில் அதற்கு வடிவம் தந்தது 1841ஆம் ஆண்டின் ஃபால்சம் - மார்ஷ் வழக்கு. ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களையும் எழுத்துகளையும் ஜாரெட் ஸ்பார்க்ஸ் 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தார். சார்லஸ் அப்பம் அவற்றிலிருந்து 353 பக்கங்களை எடுத்துக்கொண்டு, 866 பக்கங்களில் வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார். எடுக்கப்பட்ட பகுதியின் தன்மையும் நோக்கமும், அதன் அளவும் மதிப்பும், மூலநூலின் விற்பனைக்கு அதனால் நேரும் இழப்பு ஆகியவற்றைக் கருதவேண்டும் என்றார் நீதிபதி ஜோசப் ஸ்டோரி. நியாயப் பயன்பாட்டின் தாய்த் தீர்ப்பு எனப் போற்றப்படும் இவ்வழக்கில் பயன்படுத்தியவர் தோற்றார் என்பது பலரும் கவனிக்காத செய்தி. ஸ்டோரியின் அளவுகோல் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் நான்கு காரணிகளாக எழுத்துருப் பெற்றது: பயன்பாட்டின் நோக்கமும் இயல்பும், படைப்பின் தன்மை, எடுக்கப்பட்ட பகுதியின் அளவும் முதன்மையும், படைப்பின் சந்தைமீது ஏற்படும் விளைவு. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி முதலியன அப்பிரிவில் 'போன்ற' என்னும் பொருள்படும் சொல்லுடன் எடுத்துக்காட்டுகளாக மட்டுமே நிற்கின்றன. எந்த நோக்கத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம், எதனையும் மறுக்கலாம்.

பிரித்தானியா வேறு வழியில் சென்றது. அதன் 1911ஆம் ஆண்டுச் சட்டம் தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், மதிப்புரை, செய்தித்தாள் சுருக்கம் என்னும் ஐந்து நோக்கங்களைப் பெயரிட்டு, அவற்றுக்கான நியாயக் கையாளுகை மீறலாகாது என்றது. அதற்கு முன்பிருந்த நீதிமன்ற மரபைத் தொகுத்துரைப்பதே அச்சட்டத்தின் நோக்கமா, அன்றி ஐந்துக்கு அப்பால் கதவை அடைப்பதா என்பதில் இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நீதிமன்றங்கள் அதனை மூடிய பட்டியலாகவே வாசித்தன. அச்சட்டம் பேரரசு முழுமைக்கும் மாதிரியாயிற்று. இந்தியாவில் 1914ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக நடைமுறைக்கு வந்து, 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் அதன் தடம் பதிந்தது.

52ஆம் பிரிவின் இரு முகங்கள்

இந்தியச் சட்டத்தை 'மூடிய பட்டியல்' என ஒரே சொல்லில் முடித்துவிடுவது பொருந்தாது. 52ஆம் பிரிவுக்குள் இருவகைக் கூறுகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறியாமையே திருத்த விவாதத்தின் பெரும் குறை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதல் வகை 52(1)(ஏ). நியாயக் கையாளுகை என்னும் தொடர் இடம்பெறும் கூறு இதுவே. ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட அல்லது சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்கல் ஆகிய மூன்று நோக்கங்களை அது குறிப்பிடுகிறது. கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும் இது பொருந்தும். ஆனால் இந்த விரிவு 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. அதற்குமுன் இக்கூறு இலக்கியம், நாடகம், இசை, கலைப் படைப்புகளை மட்டுமே தழுவியது. திரைப்படத் திறனாய்வாளர் படத்தின் ஒரு துண்டைக் காட்டிப் பேசுவதற்குச் சட்டத்தின் சொற்களில் அதுவரை இடமிருக்கவில்லை.

எது நியாயம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. அதனை நீதிமன்றங்களே நிரப்பின. அவற்றுள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முன்னோடியான இடமுண்டு. பாடமாக வைக்கப்பட்ட ஆங்கில நாவல்களுக்கு மாணவர் 'கைடு' வெளியிட்டது பற்றிய பிளாக்வுட் - பரசுராமன் வழக்கின் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியானது. உரிமையாளரோடு போட்டியிட்டு ஆதாயம் பெறும் எண்ணம் இருக்கக்கூடாது. உள்நோக்கம் முறைகேடானதாக இருந்தாலன்றிக் கையாளுகை நியாயமானதே என்னும் கருத்து அதில் கூறப்பட்டது. பின்னர் 1996இல் சிவிக் சந்திரன் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் மூன்று கேள்விகளை எழுப்பியது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற அரசியல் நாடகத்துக்கு மறுப்பாக எழுதப்பட்ட எதிர்நாடகம், மூலத்தின் காட்சிகளையும் உரையாடல்களையும் கணிசமாக எடுத்தாண்டிருந்தது. எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும் என்ன, எடுத்த நோக்கம் என்ன, இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடுமா என ஆராய்ந்த நீதிமன்றம், அது விமர்சனமே என ஏற்றது. இக்கேள்விகள் அமெரிக்க நான்கு காரணிகளுக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதை விளக்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள நோக்கம் ஒன்று வாயிலைத் திறந்துவிட்டால், உள்ளே நிகழும் ஆராய்ச்சி இரு மரபுகளிலும் ஏறத்தாழ ஒன்றே.

தமிழாய்வாளருக்கு அன்றாடம் எழும் ஐயம் ஒன்றை இங்கே குறிப்பிடலாம். எட்டு வரிப் புதுக்கவிதையைத் திறனாய்வில் முழுவதும் மேற்கோளாகத் தரலாமா? 1972ஆம் ஆண்டின் ஹப்பார்டு - வோஸ்பர் வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஒத்த வினாவைத் தொட்டது. நியாயம் என்பது அளவையும் பொதுத் தோற்றத்தையும் பொறுத்தது என்றார் டென்னிங் பிரபு. கல்லறை வாசகம் போன்ற மிகச் சிறிய படைப்பை முழுமையாக எடுத்துக்காட்டுவதும் நியாயமாகலாம் என்றார் உடனிருந்த நீதிபதி மெகா. நூற்றில் இத்தனை விழுக்காடு வரை எடுக்கலாம் என்னும் விதி எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை. துறைகளில் உலவும் பத்து விழுக்காட்டுக் கணக்கு வேறெங்கிருந்தோ வந்தது.

52ஆம் பிரிவின் இரண்டாம் வகைக் கூறுகளில் 'நியாயக் கையாளுகை' என்னும் தொடரே இல்லை. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது படியெடுத்தல், வினாத்தாளில் எடுத்தாளுதல், மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகத்தக்க வடிவில் ஆக்குதல், இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலைப் பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுத்தல் எனச் செயல்களைப் பெயரிட்டு அவை அனுமதிக்கின்றன. இவ்வேறுபாட்டின் எடை என்ன என்பதை ஒரு நகலகம் நாட்டுக்கு உணர்த்தியது.

இரு நகலகங்கள்

தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி நகலகம், பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பரிந்துரைத்த நூல்களின் பகுதிகளை ஒளிநகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் அந்நகலகத்தின் மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர் அமைப்பும் கல்வியாளர் அமைப்பும் வழக்கில் தாமாக இணைந்தன.

இத்தகைய பாடத்தொகுப்புகளை அமெரிக்க நீதிமன்றங்கள் முன்னரே எதிர்கொண்டிருந்தன. 1991இல் கிங்கோஸ் நகலகத் தொடருக்கு எதிராகப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், நியாயப் பயன்பாடு என்னும் எதிர்வாதம் ஏற்கப்படவில்லை. 5,10,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. 1996இல் மிச்சிகன் நகலகம் ஒன்றின் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதே முடிவுக்கு வந்தது. இத்தனைக்கும் 107ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் 'வகுப்பறைக்கான பல படிகள்' என்பது வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. ஆயினும் நகலகம் ஆதாயம் ஈட்டுகிறது, உரிமக் கட்டணச் சந்தை பாதிக்கப்படுகிறது என்னும் இரு காரணிகள் தராசைச் சாய்த்துவிட்டன. எடுத்துக்காட்டாகப் பெயரிடப்பட்ட செயலும் அளவுகோலின் முன் மீண்டும் நிறுக்கப்படும் என்பதே திறந்த முறையின் இயல்பு. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் வாதிகளாக இருந்த மற்றொரு வழக்கு ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மின்வழிப் பாடப்பகுதிகள் பற்றியது. 2008இல் தொடங்கிய அவ்வழக்கு இருமுறை மேல்முறையீட்டுக்குச் சென்று 2020இல்தான் ஓய்ந்தது. பெருமளவு பல்கலைக்கழகமே வென்றது என்றாலும், பன்னிரண்டாண்டு வழக்காடும் வலிமை எத்தனை நிறுவனங்களுக்கு உண்டு? அமெரிக்காவில் நியாயப் பயன்பாடு என்பது வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமையாகவே எஞ்சுகிறது என்னும் பொருள்பட லாரன்ஸ் லெசிக் எழுதியது இப்பின்னணியில் புரியும்.

தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா 2016 செப்டம்பரில் பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் 52(1)(ஏ)வுக்குள் செல்லவில்லை. கற்பித்தலின்போது படியெடுக்க இசைவளிக்கும் 52(1)(ஐ) கூறே போதும் என்றார். 'கற்பித்தலின்போது' என்பது ஆசிரியர் வகுப்பில் நிற்கும் ஒரு மணி நேரம் மட்டுமன்று, பாடத்திட்டம் வகுப்பது முதலான முழு நிகழ்வும் அதில் அடங்கும் எனப் பொருள் கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இதனை உறுதிசெய்து, நியாயத்தின் அளவு என்ன என்னும் கேள்விக்கு நேர் விடையும் தந்தது: கற்பித்தல் நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. வெளிநாடுகளில் கையாளப்படும் நான்கு காரணிகள் இக்கூற்றை வழிநடத்த வேண்டும் என்னும் பதிப்பகங்களின் வாதம் ஏற்கப்படவில்லை. தொகுப்பில் சேர்ந்த பகுதிகள் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவையானவையா, முழு நூல்களைப் படியெடுத்தது சரியா என்னும் உண்மை நிலைகளை விசாரிக்க வழக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

நான்கு காரணிகளை அவ்வழக்கில் வலியுறுத்தியவர் யார் என்பதைத் திருத்தம் வேண்டுவோர் எண்ணிப்பார்க்க வேண்டும். பயன்படுத்துவோரின் விடுதலைப் பத்திரமாகப் போற்றப்படும் அமெரிக்க அளவுகோலைத் தில்லியில் கையில் ஏந்தியவை பதிப்பகங்களே. 'மூடிய' சட்டம் நகலகத்தைக் காத்தது. 'திறந்த' சட்டம் அதனைத் தண்டித்தது.

செய்யுள் திரட்டு என்னும் விதிவிலக்கின் விதிவிலக்கு

இத்தீர்ப்பைத் தமிழ்த் துறைகள் தமக்குச் சாதகமாக மிகைப்படுத்திக்கொள்ளவும் கூடாது. தன்னாட்சிக் கல்லூரிகள் பகுதி ஒன்று தமிழுக்குச் 'செய்யுள் திரட்டு', 'சிறுகதைத் தொகுப்பு' எனத் தாமே அச்சிடும் அல்லது பதிப்பகம் ஒன்றின் வழி வெளியிடும் நூல்கள் பாடத்தொகுப்பு அல்ல. அவை வெளியீடு. அவற்றுக்கான கூறு 52(1)(எச்). அதன் நிபந்தனைகள் கடுமையானவை. தொகுப்பு முதன்மையாகப் பதிப்புரிமை அற்ற பகுதிகளால் ஆனதாக இருக்கவேண்டும். கல்விப் பயன்பாட்டுக்குரியது எனத் தலைப்பிலும் விளம்பரத்திலும் கூறப்பட்டிருக்க வேண்டும். பதிப்புரிமை உள்ள நூல்களிலிருந்து குறும்பகுதிகளே எடுக்கப்படலாம். ஐந்தாண்டுக் காலத்தில் ஒரே பதிப்பாளர் ஓர் ஆசிரியரின் படைப்புகளிலிருந்து இரு பகுதிகளுக்குமேல் வெளியிடலாகாது.

சங்கப் பாடல்களும் பக்திப் பாடல்களும் நிறைந்த தொகுப்பில் இரண்டொரு புதுக்கவிதைகள் இடம்பெற்றால் இக்கூற்றுக்குள் அடங்கலாம். முழுவதும் தற்காலச் சிறுகதைகளால் ஆன தொகுப்பு 'முதன்மையாகப் பதிப்புரிமை அற்ற' என்னும் முதல் நிபந்தனையிலேயே வீழ்ந்துவிடும். முழுச் சிறுகதை 'குறும்பகுதி' ஆகுமா என்பது அடுத்த ஐயம். எழுத்தாளரிடம் இசைவு கேட்காமல் கதையைப் பாடமாக்குவது அவருக்குச் செய்யும் சிறப்பு என்னும் மனப்பான்மை நம் கல்விப்புலத்தில் உண்டு. சட்டம் அவ்வாறு கருதவில்லை. பண்டைய நூலாயினும் அதற்கு இக்கால அறிஞர் எழுதிய உரைக்குத் தனி உரிமை உண்டு என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பது இந்தியக் கணக்கு. 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் உரைகளுக்கு 2002ஆம் ஆண்டின் இறுதியில் உரிமைக் காலம் முடிந்தது. அவருக்குப் பின்வந்த உரையாசிரியர் பலருக்கு இன்னும் முடியவில்லை.

பட்டியல் கைவிடும் இடம்

கற்பித்தலில் வலிமையாக நிற்கும் இந்தியச் சட்டம் ஆராய்ச்சிக்கு வரும்போது தளர்ந்துவிடுகிறது. ஆராய்ச்சி என்னும் சொல் 52(1)(ஏ)வில் தனித்து நிற்கவில்லை. 'தனிப்பட்ட அல்லது சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி உள்ளிட்டது' என்னும் தொடருக்குள் அடங்கியுள்ளது. ஒருவர் தம் அறையில் இருந்துகொண்டு ஒரு கட்டுரையைப் படியெடுத்துப் படிப்பதை அது காக்கும். அந்நோக்கத்துக்காக மின்வடிவில் சேமித்து வைத்தலையும் அதன் விளக்கம் அனுமதிக்கிறது. ஆனால் இன்றைய ஆராய்ச்சி அவ்வாறு மட்டும் நிகழ்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இதழ்களின் சில நூறு இதழ்களை வருடிப் பதிவுசெய்து, எழுத்துணரி வழியாக உரையாக்கி, ஒரு சொல்லின் பொருள்மாற்றத்தைத் தேடும் அகராதியியல் ஆய்வு. இதில் படைப்பை யாரும் வாசிக்கப்போவதில்லை. கணினி சொற்களை எண்ணும். ஆயினும் முழுப் படைப்பும் படியெடுக்கப்படுகிறது. ஒருவரன்றிக் குழுவே அதனைப் பகிர்கிறது. இது 'சொந்தப் பயன்பாடு' ஆகுமா? விமர்சனம் அன்று, செய்தி அன்று. ஏற்கெனவே அச்சுப்படி வைத்துள்ள ஆதாயநோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்படி எடுக்க 52(1)(என்) கூறு இடமளிக்கிறது. பாதுகாக்கலாம், தேடுபொறி அமைத்துப் பிறருக்குத் திறக்கலாமா என்பதில் அது மௌனம் சாதிக்கிறது.

இதே வினாவை அமெரிக்கா அளவுகோலைக் கொண்டு தீர்த்தது. ஹாதிடிரஸ்ட் வழக்கில் 2014இலும், 2 கோடிக்கும் மேற்பட்ட நூல்களை வருடிய கூகுள் புத்தகத் திட்டத்தின் வழக்கில் 2015இலும், முழுவுரைத் தேடலுக்காகப் படியெடுப்பது மூலத்தின் நோக்கத்திலிருந்து வேறுபட்ட உருமாற்றப் பயன்பாடு எனத் தீர்ப்பாயிற்று. சட்டம் இயற்றிய 1976இல் எவரும் நினைத்திராத தொழில்நுட்பத்துக்கு அதே நான்கு காரணிகள் விடை தந்தன. அளவுகோல் முறையின் சிறப்பு இவ்விடத்திலேயே முழுமையாக வெளிப்படுகிறது. அதே அளவுகோல் சுருங்கவும் செய்யும் என்பதை 2023ஆம் ஆண்டின் வார்ஹோல் தீர்ப்பும், இணைய ஆவணகத்தின் மின்நூல் கடன்முறையை மறுத்த 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பும் காட்டின.

அண்டை நாடுகளின் அனுபவம்

தமிழ் கற்பிக்கப்படும் நாடுகளே இப்பொருளில் நல்லதோர் ஒப்பீட்டுக் களம். பாக்கு நீரிணையின் இருகரைகளிலும் ஒருகாலத்தில் ஒரே பேரரசுச் சட்டத்தின் சாயல் நிலவியது. இன்று இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம், தன் 11ஆம் பிரிவில் நியாயப் பயன்பாட்டையே ஏற்றுள்ளது. அமெரிக்க 107ஆம் பிரிவின் நான்கு காரணிகளும் அதில் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் உள்ளன. யாழ்ப்பாணத்து ஆய்வாளரும் மதுரை ஆய்வாளரும் ஒரே நூலை ஒரே நோக்கத்துக்காகப் படியெடுத்தாலும் இருவேறு சட்டக் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியவர்கள். பிரிவைப் பெயர்த்து நடுவது எளிது. அதற்கு உயிரூட்டிய நூற்றைம்பது ஆண்டுத் தீர்ப்பு மரபு உடன் வருவதில்லை.

மலேசியா 2012இல் சிறிய அளவில் திருத்தியது. நியாயக் கையாளுகை என்னும் பெயரை மாற்றாமல், நோக்கங்களின் பட்டியலுக்கு முன் 'உள்ளிட்ட' என்னும் பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்து, நான்கு காரணிகளையும் இணைத்தது. ஒரு சொல்லால் பட்டியல் திறந்துகொண்டது. சிங்கப்பூர் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாயப் பயன்பாடு என்னும் பெயரையே ஏற்றது. ஆயினும் கணினிவழித் தரவு ஆய்வுக்குத் தனியொரு பிரிவும் வகுத்து, முறையாக அணுகப்பெற்ற படைப்பை அதற்காகப் படியெடுக்கலாம் என்றும், ஒப்பந்தத்தால் இவ்வுரிமையைப் பறிக்கமுடியாது என்றும் கூறியது. திறந்த அளவுகோல் கையில் இருந்தும், பெயரிட்ட விதிவிலக்கின் உறுதி தேவை என அந்நாடு கருதியிருக்கிறது.

பிற பொதுச்சட்ட நாடுகளின் கதை பலவிதம். கனடிய உச்ச நீதிமன்றம் 2004இல் நியாயக் கையாளுகையைப் பயனரின் உரிமை என்றே அழைத்து அகலமாகப் பொருள்கொண்டது. நாடாளுமன்றம் 2012இல் கல்வி, பகடி, அங்கதம் ஆகியவற்றைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலை வைத்துக்கொண்டே அந்நாடு வெகுதூரம் சென்றுள்ளது. ஆஸ்திரேலியாவில் சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் 2014ஆம் ஆண்டு அறிக்கையும், உற்பத்தித்திறன் ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு அறிக்கையும் நியாயப் பயன்பாட்டைப் பரிந்துரைத்தன, அரசு ஏற்கவில்லை. பிரித்தானியாவில் 2011ஆம் ஆண்டின் ஹார்கிரீவ்ஸ் அறிக்கை அமெரிக்க முறையைப் பெயர்த்துக்கொள்ள இயலாது எனக் கண்டு, தனித்தனி விதிவிலக்குகளைப் பரிந்துரைத்தது; ஆதாயநோக்கற்ற ஆராய்ச்சிக்கான தரவகழ்வு 2014இல் சட்டமாயிற்று.

திருத்தம் எங்கே வேண்டும்

இந்தியாவில் இவ்விவாதம் ஏட்டளவில் மட்டும் நிற்கவில்லை. வணிகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 சூலையில் அளித்த 161ஆவது அறிக்கை, கல்விக்கான படியெடுப்பு விதிவிலக்கை அரசுக்குரிய கல்வி நிறுவனங்களுக்கும் நூலகங்களுக்கும் மட்டும் என வரையறுத்து, படிகளுக்கு உச்சவரம்பும் விதிக்கப் பரிந்துரைத்தது. இது சட்டமானால் தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் ஒரே நாளில் 52(1)(ஐ)யின் பாதுகாப்பை இழக்கும். தனியார் கல்லூரியில் பயிலும் மாணவர் அரசுக் கல்லூரி மாணவரைவிட நூல் வாங்கும் வசதி உடையவர் என்னும் ஊகம் இப்பரிந்துரையின் அடியில் உள்ளது. தம் கல்லூரி வாயில்களில் நிற்கும் எவரும் இதனை ஏற்கமாட்டார். எழுத்தாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. படியெடுப்பால் தமிழ்ச் சிறுபதிப்பகம் அடையும் இழப்பும் பன்னாட்டுப் பதிப்பகம் அடையும் இழப்பும் ஒன்றல்ல. முந்நூறு படி அச்சிடும் பதிப்பாளரின் நூலைத் துறை முழுவதும் நகலெடுத்துக்கொண்டால் இரண்டாம் பதிப்பு வராது. 'நோக்கத்துக்குத் தேவையான அளவு' என்னும் தில்லி அளவுகோலில் இவ்வேறுபாட்டுக்கும் இடம் காண இயலும், உச்சவரம்பில் இயலாது.

எனவே 52ஆம் பிரிவு முழுவதையும் நீக்கி அமெரிக்க வாசகத்தை அங்கே வைப்பது, கற்பித்தலுக்கு உள்ள உறுதியை விற்று ஆராய்ச்சிக்கு நெகிழ்ச்சி வாங்குவதாகும். 52(1)(ஏ)வில் மட்டும் மலேசியா செய்ததுபோல் 'உள்ளிட்ட' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து, ஆராய்ச்சியைச் 'சொந்தப் பயன்பாடு' என்னும் தொடரிலிருந்து விடுவித்துத் தனி நோக்கமாக்கலாம். ஏனைய கூறுகளுக்கு இக்காரணிகள் பொருந்தா என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிடலாம். தரவகழ்வுக்குச் சிங்கப்பூர் மாதிரியில் தனிக்கூறு வேண்டும். ஆதாயநோக்கற்ற ஆராய்ச்சிக்கும் பெருநிறுவனங்கள் மொழி மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்கும் அக்கூறு ஒரே அளவில் திறக்க வேண்டுமா என்பது வேறு வினா. செய்தி நிறுவனமாகிய ஏஎன்ஐ 2024இல் ஓப்பன்ஏஐக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு அதனை எழுப்பியுள்ளது.

இவை எல்லாவற்றையும்விட எளிதில் செய்யத்தக்க திருத்தம் ஒன்று உண்டு. தமிழ் ஆவணப் பணியில் பெருந்தடை, உரிமையாளர் மறுப்பது அன்று. உரிமையாளர் யாரெனத் தெரியாமை. பாரதியில் தொடங்கிய நாட்டுடைமை மரபு பெயர்பெற்ற எழுத்தாளர்களை எட்டுகிறது. ஒரே ஒரு சிற்றிதழில் இரண்டு கட்டுரைகள் எழுதி மறைந்தவரை அது எட்டாது. இத்தகைய படைப்புகளை வெளியிடக் கட்டாய உரிமம் கோரலாம் என்கிறது 31ஏ பிரிவு. விண்ணப்பிக்குமுன் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளேட்டில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மொழிபெயர்ப்புக்கு உரிமம் கேட்டால் மட்டும் அம்மொழி நாளேட்டிலும் அறிவிப்பு வேண்டும். காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ எழுபது ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு நூலைத் தமிழிலேயே மறுபதிப்புச் செய்ய விரும்புபவர், அந்நூலாசிரியரின் பேரப்பிள்ளைகளை ஆங்கில நாளேட்டின் வழியே தேடவேண்டும். தமிழ் நாளேட்டில் தேடவேண்டிய கடமை அவருக்கு இல்லை. 'படைப்பு எம்மொழியில் உள்ளதோ அம்மொழி நாளேட்டில்' என அந்த வரியை மாற்றுவதற்கு அமெரிக்கக் கோட்பாடு எதுவும் தேவைப்படாது.